கோமதிக்கு ஒரு வேலை

நனைத்த பீடி இலையும் புகையிலைத் தூளும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தும்மல் வரும், எனக்குக் கதை வரும். தொண்ணூறுகளில் முக்கூடலில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், என் அம்மா உட்பட, பேச்சியக்கா வீட்டு முன்னறையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு "பீடி சுத்த" உட்காருவார்கள். வாசிக்கத் தெரியாமல் இல்லை, கை ஓயாது. அதனால் சனிக்கிழமைதோறும் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை உரக்க வாசிப்பது, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பொறுப்பு. முடித்ததும் கதைக்குப் போட்டிருக்கும் படத்தை எல்லாருக்கும் தூக்கிக் காட்ட வேண்டும், அது அங்கே சட்டம்.

அந்தக் கதையில் கோமதி என்றொருத்தி. கல்யாணமான ஆறாம் மாதம் பம்பாய்க்குப் போன அவள் புருஷன், போனவன் போனவன்தான். பேச்சியக்காவின் புருஷனும் பம்பாயில்தான் இருந்தான், ஒரு வருஷமாகக் "கடுதாசி" இல்லை. கோமதி வரும் இடங்களில் மட்டும் அக்காவின் கை நின்றுவிடும். யாரும் பார்க்காததுபோல் இருந்துகொள்வார்கள்.

ஒரு மழை வாரம் கடைக்குப் பத்திரிகை வந்து சேரவில்லை. வெறுங்கையோடு போக மனசு வராமல், பழைய இதழ் ஒன்றை அட்டை தெரியாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை வாசிப்பதுபோல் சொன்னேன். கோமதிக்குப் புருஷனிடமிருந்து கடுதாசி வந்துவிட்டது! பேச்சியக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. அன்று எனக்குக் கருப்பட்டிக் காப்பி வேறு கிடைத்தது.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. கடை வாசலிலேயே பிரித்தேன். அரைப் பக்கப் படத்தில், கோமதியின் புருஷன் மாலையும் கழுத்துமாக இன்னொருத்தியோடு நின்றுகொண்டிருந்தான். சட்டென்று பத்திரிகையை மூடினேன். இதை அக்காவின் முன்னால் வைத்து வாசிப்பதாவது! அன்று முதல் நானே அத்தியாயம் எழுதி, நோட்டுத் தாளைப் பத்திரிகைக்குள் செருகி வாசித்தேன். படம் கேட்டால், இந்த வாரமும் போடவில்லை என்று துணிந்து புளுகினேன். தெரிந்தால் அக்கா உடைந்துபோவாள், அம்மா தலைகுனிவாள் என்ற பயம் ஒரு பக்கம், சனிக்கிழமைக்குள் எழுதி முடிக்கிற ருசி ஒரு பக்கமாக நாலு வாரம் ஓடியது.

ஐந்தாம் வாரம் வாசித்து முடித்து, மற்றவர்கள் சுற்றிய கட்டுகளைப் பீடிக் கடையில் கொடுக்கக் கிளம்பிய பிறகு, தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்பினால் பத்திரிகை பேச்சியக்கா கையில் இருந்தது. புருஷனும் புதுப் பெண்டாட்டியும் ஸ்கூட்டரில் போகிற படம். அக்கா அந்தப் பக்கத்தைப் பொறுமையாக வாசித்தாள், பிறகு என் தாளையும் வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"ஏட்டி, இதுல போட்டிருக்கதத்தான் ஊரு பூரா எங்கிட்ட சொல்லுதே. நீ எழுதுனத எவ சொல்லுதா? நீயே எழுது. ஆனா அவன வரவைக்காத. கோமதி காத்துக் கெடந்தது போதும். அவளுக்கு ஒரு வேல போட்டுக் குடு."

அம்மாவிடம் அவள் மூச்சு விடவில்லை. அடுத்த சனிக்கிழமை கோமதி பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்தாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பேச்சியக்கா மட்டும் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீச்சராவே ஆக்கியிருக்கலாம்லா" என்றாள்.

அந்த முன்னறை இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடை. பேச்சியக்காவும் இல்லை, கடைசிவரை அவளுக்குக் கடுதாசி வரவில்லை. நான் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறேன். பாராட்டிப் பலர் பேசுகிறார்கள், ஆனால் தான் நொந்திருந்த நேரத்திலும் ஒரு புளுகுணிச் சிறுமியை எழுதச் சொன்ன அவளை நினைத்தால்தான் கைகூப்பத் தோன்றுகிறது. போன மாதம் என் தொடரில் ஒருத்தி புருஷனுக்காக வாசலில் காத்திருந்தாள். இன்னும் நாலு வாரம் அவளை அங்கேயே நிறுத்தி வைக்கும்படி பத்திரிகை ஆசிரியர் சொன்னார். நான் கேட்கவில்லை. இந்த முறை டீச்சர் வேலையே போட்டுக் கொடுத்துவிட்டேன்.