காலரில் மூன்று சிவப்புத் தையல்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நான் சலவைக் கடைக்காரன். துணியில் சுருக்கம் எடுப்பதுதான் என் பிழைப்பு. உட்கார்ந்து கதை கட்ட எனக்கு நேரமில்லை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மதியம். சுவர்க் கடிகாரத்தில் மணி 1.40. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கொள்ளுத்தாத்தா கப்பலேறி இந்த ஊருக்கு வந்து நூறு வருடம். அதற்காகக் குடும்பம் மொத்தமும் கூடுகிறது. 'ஒரு இஸ்திரிப் பெட்டியோடு தனி ஆளாக வந்தார்' என்பது முதல் வரி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வரிதான். அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லும் மூன்று சிவப்புப் பெருக்கல் குறிகள் இன்னும் எங்கள் கடைப் பலகையில் இருக்கின்றன. அடுத்த கடைத் துணியோடு கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு துணியிலும் அதைத் தைப்பாராம்.

நிமிர்ந்தேன். எதிரே ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே நல்ல வெயில்...

"இத இஸ்திரி போட்டுக் குடுங்க. அவரு இன்னைக்கு வராரு."

ஓர் ஆண் சட்டையை நீட்டினாள். தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஏதோ தகராறு, பாவம், கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றும் நினைத்தேன். சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினேன்.

"உக்காரும்மா. வந்துடுவாரு."

வாடிக்கையாளர்களிடம் தினம் பத்துத் தடவை சொல்கிற பேச்சு. அவள் முகம் மட்டும் ஏனோ செத்துப்போனது.

உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக்கொடுத்தாள். "சும்மா இரு. இதோ அப்பா வந்துடுவாரு."

அங்கே யாரும் இல்லை.

சட்டை ஈரமாக இருந்தது. தேய்த்தேன். உஸ்ஸ்... ஆவி வந்தது. மறுபடி தேய்த்தேன். மறுபடி ஆவி. ஈரம் போகவே இல்லை. பெட்டி போன இடமெல்லாம் வெள்ளையாக ஏதோ பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

காலரைத் திருப்பினேன். உள்பக்கம் மூன்று சிவப்புப் பெருக்கல் குறிகள்.

"இது... யாரு தைச்சது?"

"நாந்தான். போற ஊர்ல சட்டை மாறிடக் கூடாதுல்ல."

உஸ்ஸ்...

ஆவி கலைந்தது.

பெஞ்சில் யாரும் இல்லை. கையில் சட்டையும் இல்லை.

கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

மணி 1.40.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. வாழ்நாளெல்லாம் அதே கடையில் நின்றவர். பேய் என்றால் கேலி செய்கிற மனிதர். அன்று கேலி செய்யவில்லை.

"நீ என்னடா சொன்ன அவங்ககிட்ட?"

"உக்காரும்மா, வந்துடுவாருன்னு..."

கண்ணை மூடிக்கொண்டார். "நானும் அதத்தான் சொன்னேன். உன் வயசுல."

பிறகு மெதுவாகச் சொன்னார். கடைச் சாவியைக் கொடுத்த அன்று அவருடைய அப்பா அவரிடம் சொன்னது அது.

"தாத்தா தனியா வந்தாருதான். ஆனா ஊர்ல பொண்டாட்டி இருந்தா. கூப்பிட்டுக்கிறேன், கூப்பிட்டுக்கிறேன்னு ஏழு வருஷம் கடுதாசி போட்டாரு. நடுவுல இங்க இன்னொரு கல்யாணம். அது தெரியாம அவளே கப்பலேறி வந்துட்டா, அவரு போட்ட பழைய சட்டையத் தூக்கிக்கிட்டு. இவரு உள்ள ஒளிஞ்சுக்கிட்டு, வேலையாள விட்டு 'உக்காரும்மா, வந்துடுவாரு'ன்னு சொல்லச் சொன்னாரு. கடை சாத்துற வரைக்கும் உக்காந்திருந்தா. மறுநாள் துறைமுகத்துத் தண்ணியிலருந்து ரெண்டு பேரையும் தூக்குனாங்க."

"ரெண்டு பேரா?"

"கூட ஒரு பொண்ணு இருந்துச்சு. அவரு பொண்ணுதான். ஏழு வயசு."

அந்தத் தையல்கூட அவளுடையது. அதைப் பலகையில் மாட்டிக்கொண்டுதான் நான்கு தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எழுதியும் வைத்துக்கொண்டேன்.

மேடையேறினேன். எதிரே அறுபது பேர். முன்வரிசையில் பெரியத்தை, கொள்ளுத்தாத்தா படத்தைப் பார்த்து இப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தனி ஆளாக வந்தார்," என்றேன்.

கை தட்டினார்கள். கோழை என்று என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் கடையைத் திறந்தேன். பெஞ்சில் ஈரம். பெரிதாக ஒன்று. பக்கத்தில் ஒட்டினாற்போல் சின்னதாக ஒன்று.

துடைத்தேன். வெயிலில் போட்டேன். பதினோரு மாதம் ஆகிறது... காயவில்லை.

வருகிறவர்கள் கேட்டால், கூரை ஒழுகுகிறது என்று சொல்கிறேன். நம்பிவிடுகிறார்கள்.