மீன் தொட்டியில் கிடந்த கறுப்புத் துணி

கே.கே. நகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் கூட்டித் துடைக்கிறேன். அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. யாராவது ஆயாம்மா என்றால் தலையை ஆட்டுவேன், அதோடு சரி.

ஹாலில் கடல் தண்ணீர் ஊற்றிய மீன் தொட்டி இருக்கிறது. டாக்டருக்கு அது பிள்ளை மாதிரி. வெளிக் கண்ணாடியை நான் துடைக்கலாம், உள்ளே கை விடக்கூடாது.

போன வருடம் அதில் புதிதாகக் கடல் பாறைக் கல் வாங்கிப் போட்டார்கள். நாலைந்து நாள் கழித்துக் காலையில் பார்த்தால், கல்லின் மேல் ஒரு துண்டுத் துணி கிடந்தது. கறுப்பு, ஓரமெல்லாம் ஆரஞ்சுக் கரை. எனக்குத் திக்கென்றது. என் பழைய சுங்கடிச் சேலையைக் கிழித்துத்தான் துடைக்க வைத்திருந்தேன். அதுவும் அதே கறுப்பு, அதே கரை.

ரிசப்ஷனில் இருக்கிற பிள்ளையும் பார்த்துவிட்டது. "ஆயாம்மா, ஒங்க துணிதான அது? பினாயில் பட்ட துணி. மீன் செத்துச்சுன்னா டாக்டர் ஒங்கள வேலைய விட்டே அனுப்பிருவாரு" என்று போன் பண்ணப் போனது.

வாளியில் பார்த்தேன். கிழித்த நாலு துணியும் இருந்தன. திரும்பினால், தொட்டிக்குள் கிடந்த அது ஓரத்தை மடக்கிக்கொண்டு கல்லுக்கு அடியில் ஊர்ந்து போனது.

"எடுத்து ஒளிச்சுட்டீங்களா?" என்று அந்தப் பிள்ளை வந்து என் கையைப் பார்த்தது. கை ஈரம். துடைக்கிறவள் கை என்றைக்குக் காய்ந்திருக்கிறது?

டாக்டர் வந்தார், தொட்டி பராமரிக்கிறவரும் வந்தார். கன்னத்தைப் பிடித்தபடி ஆறேழு பேர் காத்திருந்தார்கள்.

"உள்ள என்னம்மா போட்டீங்க? சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்றார் டாக்டர். திட்டுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் வாய் திறந்தது. "அது துணி இல்ல சார். நகருது."

கன்னம் வீங்கிய ஒருவர் சிரித்துவிட்டு, வலியில் 'ஸ்ஸ்' என்றார். தொட்டிக்காரர் மட்டும் சிரிக்காமல் கல்லை மெல்லத் தூக்கினார். கிளம்பியது பாருங்கள், பாவாடை ஓரம் காற்றில் அலையடிக்கிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

"தட்டைப்புழு சார். கல்லோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. எம்புட்டு அழகா இருந்தாலும் மீனோட இருக்கப்படாது, வெசமா இருக்கலாம்" என்று, கடல் தண்ணீரோடு பாலிதீன் பையில் பிடித்துக் கட்டினார்.

"சாரி ஆயாம்மா" என்றது ரிசப்ஷன் பிள்ளை.

"விடு தாயி. நானே மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன்."

டாக்டர் எனக்கு டீ சொன்னார். பிந்தி வந்த ஒரு அம்மா, புழு எப்படித்தான் நீந்தியது என்று கேட்டார். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து அலை மாதிரி ஆட்டிக் காட்டினேன். ஹாலே என்னைப் பார்க்கிறது என்று பாதியில்தான் உறைத்தது. டீயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.