மச்சானின் இடது கை

கீபோர்டை லேப்டாப்போடு இணைக்கும் அந்தக் கறுப்பு மிடி வயரை முதன்முதலில் என் கையில் பார்த்தபோது மச்சான், "என்ன மாப்ள, கீபோர்டுக்கு குளுக்கோஸ் ஏத்தப் போறியா?" என்றார். என் அக்காவைக் கட்டியவர். வில்பட்டியில் கேரட் போடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பார்.

நான் கொடைக்கானலில் ஓட்டல்களுக்கும் பள்ளி விழாக்களுக்கும் இசை செய்து கொடுப்பவன். மிடிதான் எனக்குச் சோறு போடுகிறது. அது சத்தத்தைப் பிடிக்காது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தினோம் என்பதை மட்டும் பிடித்துவைக்கும். பிறகு வேகத்தை மாற்றலாம், பிசகைத் திருத்தலாம். மச்சானுக்கு அது ஆகவே ஆகாது. வாசித்ததை வாசித்தபடி ஒலிப்பதிவு செய்தால்தான் அவருக்கு இசை. தகரக்கூரை மழையும், நடுவே அவர் செருமுவதும் அதில் இருக்கும். "இதுல ஆள் இருக்கான். ஒன்னோடதுல வெறும் கணக்குத்தான் கெடக்கு" என்பார். உண்மையைச் சொன்னால், கேட்க அவருடையதுதான் நன்றாக இருந்தது. அவரிடம் அதை ஒப்புக்கொள்வேனா!

கோயில் பாட்டுகளை இரண்டு விதமாகவும் பிடித்தோம். கிறிஸ்துமஸ் பாட்டில் மூன்றாவது வரி முடியும் இடத்தில் அவர் இடது கை எப்போதும் கொஞ்சம் முந்திக்கொண்டு விழும். குழுவே அதைக் கேட்டுத்தான் மூச்சு வாங்கப் பழகியிருந்தது. வேறு யாராவது சரியாக வாசித்தால் எல்லோரும் திணறிப்போவார்கள். நான் மிடியில் அதைத் திருத்தப் போனேன். "ஏலே, கைய எடு! அது ஏந் தப்பு, அங்கனயே கெடக்கட்டும்" என்று என் விரலைத் தட்டிவிட்டார்.

போன வருஷம் பக்கவாதம் வந்து அந்த இடது கை விளங்காமல் போய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்று அக்கா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மச்சானோ கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். பாடகர் குழு இருக்கும் பக்கமே திரும்ப மாட்டார். "ஒத்தக் கைய வச்சு என்னத்த வாசிக்க?" என்று கேட்டுவிட்டார்.

டிசம்பர் வந்ததும் பழைய பதிவுகளை எடுத்தேன். ஒலிப்பதிவில் மழையும் செருமலும் இருந்தன. ஆனால் இரண்டு கைகளும் கூட்டாஞ்சோறு மாதிரி கலந்து கிடந்தன. மிடியில் இடது கையைத் தனியாகப் பிரிக்க முடிந்தது. அவருடைய இப்போதைய வலது கைக்குத் தோதாக வேகத்தை மட்டும் குறைத்தேன். லேப்டாப்பையும் கீபோர்டையும் வயரால் இணைத்து, அவர் வீட்டில் ஓடவிட்டேன்.

"யாருப்பா வாசிக்கிறது?"

"நீங்கதான் மச்சான்."

அவருடைய வலது கை மெல்லக் கட்டைகளைத் தேடிப் போனது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று அழுதாள். நானும்தான்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் மச்சான் மறுபடியும் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார், பக்கத்தில் லேப்டாப்போடு நான். மூன்றாவது வரி முடியும் இடம் வந்தது. இடது கை முந்தியது. குழு மொத்தமும் மூச்சு வாங்கியது. மச்சான் மடியில் கிடந்த கையைப் பார்த்து, "திருட்டுப் பய, இன்னும் முந்துறான் பாரு" என்று சிரித்தார்.

இப்போது ஞாயிறுதோறும் வெள்ளனே போன் வந்துவிடும். "மாப்ள, ஏங் கைய எடுத்துக்கிட்டு வெரசா வா." அந்தக் கறுப்பு வயரைத்தான் சொல்கிறார்.