மைக்கில் சொன்ன பதில்

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் தபேலா வாசித்தேன். எங்கள் பாடகருக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆண் குரலிலும் பாடுவார், பெண் குரலிலும் பாடுவார். அவர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் கல்யாண வீட்டார் எங்களுக்குத் தாம்பூலம் வைத்து அச்சாரம் கொடுப்பார்கள்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு தையல்காரரோடு ஒரே வீட்டில் இருந்தார். எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

பாடாலூரில் ஒரு கல்யாணம். பாட்டு கேட்டு எழுதி அனுப்பிய சீட்டுகளில் ஒன்றைப் பிரித்த அண்ணன் அதை மைக்கிலேயே வாசித்தார்.

"உன் புருஷன் எங்கன்னு கேட்டிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. அடங்கும்வரை நின்றார்.

"ஜெயங்கொண்டத்துல தைச்சிக்கிட்டு இருக்காருங்க. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த பாட்டு அவருக்குத்தான்."

நான் தபேலாவில் கை வைக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "எடுப்பா" என்றார். வாசித்தேன். இரண்டாவது சரணத்தில் ஒரு செருப்பு வந்து அவர் மார்பில் விழுந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் குழுத் தலைவர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தார். "இவரு இருந்தா இனிமே எவனும் நம்மளக் கூப்பிட மாட்டான். என்ன சொல்றீங்க?"

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் அப்போது என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போயிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

பிறகு எந்த மேடையிலும் அவரை ஏற்றவில்லை. சினிமாக் கொட்டகைக்காரர் ஒருவர், விளம்பர வண்டியில் உட்கார்ந்து படத்தின் பெயர் சொல்லும் வேலை கொடுத்தார். எங்கள் தெருவில் அந்தக் குரல் வந்தால் நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

நாலைந்து வருஷம் கழித்து, தையல்காரர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். சொந்தக்காரர்கள் வந்து உடலைச் சொந்த ஊரான அரும்பாவூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேள்விப்பட்டு நானும் போனேன். அண்ணன் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார்.

இறந்தவரின் தம்பி வந்து, "உனக்கு இந்த வூட்ல என்ன வேலை? கெளம்பு" என்றார்.

"பன்னண்டு வருஷம் ஒண்ணா சோறு தின்னவங்க நாங்க. மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிடறேங்க."

விடவில்லை.

நான் பக்கத்தில் போய், "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"நீ உள்ள போய்ப் பாருப்பா. கண்ணு மூடியிருக்கான்னு வந்து சொல்லு."

போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. வந்து சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.