சாக்குக்குக் கீழே தெரிந்த விரல்

எங்கள் அரசாங்கக் கந்தோரில் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்தவர், காலைப் பிளேன்டியோடு பத்திரிகையை விரித்து, எந்த நாடு நல்லது, எந்த நாடு கெட்டது என்று தீர்ப்புச் சொல்லுவார். உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் அவருக்கு இரண்டு நிமிடம் போதும். மேசைக்கு அடியில் அவரது வலது காலின் இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஏழு வருடம் பார்த்த கால்.

யுத்த காலம். ஒரு காலை, கண்டியில் நாங்கள் இருந்த தெருவின் தமிழ் ஆண்களையெல்லாம் இராணுவத்தினர் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். முன்னால் தலையில் சாக்குப் போட்ட ஒருவன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் நீ பயங்கரவாதி. ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நல்லவனாகத் தெரியட்டும் என்று சிரித்தேன். சிரித்தால் சந்தேகம் வருமே என்று முறைத்தேன். இரண்டும் சரிவராமல் குனிந்தேன். எதிரே அந்த விரல். நிமிர்ந்தேன். சாக்கு ஆடியது.

மூன்று நாள் உள்ளே. கேட்டதற்கெல்லாம் "ஆமா சேர்". யாரும் கேட்காமலே, கந்தோர்க் குடையை வீட்டுக்குக் கொண்டுபோனதையும் ஒப்புக்கொண்டேன்.

திரும்பி வந்ததும், "எங்கண்ணே ஆளையே காணோம்?" என்றார் அவர்.

"காய்ச்சல்."

அவரையும் அடித்துத்தான் சாக்கை மாட்டியிருப்பார்கள். அதை யோசித்தால் பழியின் ருசி கெட்டுவிடும், யோசிக்கவில்லை. பதினொரு வருடம் காத்திருந்தேன்.

யுத்தமும் முடிந்தது. ஒருநாள், அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த மாப்பிள்ளையின் தகப்பன் கலஹாவிலிருந்து கந்தோருக்கே வந்து, ஏதோ படிவம் நிரப்புகிறவர்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரில் இவர் எழுதுகிற பாவனையில் குனிந்திருந்தார்.

"எப்படிங்க, நம்பி சம்பந்தம் பண்ணலாமா?" என்று காதைக் கடித்தார் வந்தவர். "வாயத் தொறக்காதீங்க, அவருக்குக் கேட்டுரும். தலைய மட்டும் ஆட்டுங்க."

மேசைக்கு அடியில் பார்த்தேன். அந்த விரல் இறங்கி ஏறி, இறங்கி ஏறித் தவித்தது. பிளேன்டியை எடுத்தேன். ஊதினேன். ஒரு மிடறு. இன்னும் ஒரு மிடறு. கோப்பை காலியாகும்வரை என் தலை அசையவில்லை. அந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்தது? கடைசியில் ஆட்டினேன்.

வந்தவர் சந்தோஷமாகப் போனார். நான் எதிர் மேசைக்குக் குனிந்து, "நான் ஒருதரம்தான் ஆட்டினேன் அண்ணே. அன்னைக்கு மைதானத்துல நீங்க எத்தன தரம்?" என்றேன்.

அவர் பேனை கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

மறுநாளிலிருந்து சப்பாத்துப் போட்டு வருகிறார். போடட்டும். கல்யாணம் கோயிலில். அங்கே கழற்றித்தானே ஆக வேண்டும்! முன்வரிசையில் எனக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.