பொன்னாடைக்குப் போன கை

என் தம்பி ஹென்றிக்கு மேடை என்றால் உயிர். மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் இரண்டு கராஜ் வைத்த வீடு, நல்ல உத்தியோகம், மாதா கோயில் பங்குச் சபையில் பதவி எல்லாம் இருந்தும் மனுசனுக்கு ஒரு குறை. யாரும் அவனைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டதில்லை. இந்த ஒரு குறைக்காக அவன் செய்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவனுடைய மகன் றொசான் சின்ன வயதிலேயே பேஸ்போல் எறியப் பழகினவன். 2001இல் அமெரிக்காவில் ஒரு தொழில்முறைக் கழகம் அவனை எடுத்தது. பெரிய மைதானமெல்லாம் இல்லை. சின்ன ஊர், பழைய பஸ், மலிவு மோட்டல். நாலு கோடை எறிந்தான், மேலே ஏற முடியவில்லை, அனுப்பிவிட்டார்கள். எங்கள் சனத்தின் வாய் சும்மா கிடக்குமா? "உந்தத் தடியும் பந்தும் சோறு போடுமே? பேசாமல் கணக்குப் படிச்சிருக்கலாம்" என்று பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரமெல்லாம் அதே கதை.

அவன் விடவில்லை. கல்லூரியில் அமெரிக்கன் புட்போலும் விளையாடியிருந்தான். உதைபந்தாட்டம் இல்லை, முட்டை மாதிரியான பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஆட்டம். எறிகிறவன்தான் அதில் தலை. மொன்றியலிலேயே ஓர் அணி அவனைச் சேர்த்து, இரண்டு வருடம் ஆட விடாமல் ஓரத்து வாங்கிலேயே குந்த வைத்தது. 2007 வசந்தத்தில் பயிற்சியாளர் கூப்பிட்டு, "எறிகிற மூத்தவர் விலகுகிறார். ஜூன் முகாமுக்குத் தோளைப் பத்திரமாகக் கொண்டுவா, அந்த இடம் உனக்கு" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை ஜான்-டலோன் சந்தைக்கு, நான் மரக்கறி விற்கிற இடத்துக்கே ஓடி வந்து, "மாமி, கிடைச்சிட்டுது!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான்.

அந்தக் கிழமையே வந்து சேர்ந்தார் பேரின்பநாதன். ஊரை விட்டு வந்த சனம் இங்கே வைத்திருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். மே மாத நீண்ட விடுமுறையில் ஊர்ச் சங்கங்களுக்கிடையே கிரிக்கெட் போட்டி நடக்கும். தொப்பை தள்ளின அப்பாமார் ஓடி விழுந்து, ஊர் மானத்தைக் காப்பாற்றுகிற போட்டி. றொசானை நக்கலடித்தவர்களில் முதல் ஆள் இவர்தான்.

"ஹென்றி அண்ணை, இந்த முறை பிரதம விருந்தினர் நீங்கள்தான். விளக்கேத்த வேணும், பொன்னாடையும் இருக்கு. தம்பியை ஒருக்கா எங்களுக்கு விளையாட விடுங்கோவன்."

ஹென்றியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே தலையாட்டிவிட்டான். றொசானுக்குச் செய்தி போனபோது நோட்டீசே வந்துவிட்டது.

"அப்பா, ஒப்பந்தத்தில வேற விளையாட்டுக் கூடாது எண்டு இருக்கு. தோளுக்கு ஏதும் நடந்தால் நான் முடிஞ்சன்" என்றான் பிள்ளை.

"பேர் அடிச்சாச்சு மோனை. இனி நான் எப்பிடி வெளியில தலை காட்டுறது? சும்மா ஒரு ஓரத்தில நிண்டாலே போதும்."

"விசரே உனக்கு? அவன்ரை பிழைப்படா அது" என்று நான் கத்தினேன். ஹென்றி இரண்டு நாள் சாப்பிடாமல் கட்டிலில் கிடந்தான். பெரிய உண்ணாவிரதம்! கடைசியில் பிள்ளைதான் இறங்கி வந்தது.

போட்டி அன்றைக்கு, மே மாதம் என்றும் பாராமல் கடுங்குளிர். ஓரத்தில் நிற்கப் போனவனின் கையில் பேரின்பநாதன் பந்தைத் திணித்தார். பேஸ்போல் எறிகிற கை வேறு, கிரிக்கெட் பந்து போடுகிற கை வேறு என்று அந்த மனுசனுக்கு எங்கே விளங்கும்? "இன்னும் ஒண்டு தம்பி, இன்னும் ஒண்டு" என்று சொல்லிச் சொல்லியே பிழிந்தெடுத்தார். றொசான் தோளைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பொன்னாடையும் தானுமாக இருந்த என் தம்பி அறிவிப்பாளரின் மைக்கைப் பறித்து, "போடு மோனை! ஊர் பார்த்துக்கொண்டு நிக்குது!" என்றான்.

போட்டான். கடைசி விக்கெட் விழுந்தது, பிள்ளையும் அப்படியே மண்டியிட்டு விழுந்தது. சனம் அதைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்து ஆடியது.

வலது தோளுக்குள் கிழிந்துவிட்டது என்றார் டொக்டர். ஒப்பந்தத்தை மீறினதால் அணி அவனை விலக்கியது, ஜூனில் வேறொருவன் அந்த இடத்துக்கு வந்தான். பிள்ளையின் விளையாட்டையே ஒரு காலைப்பொழுதில் முடித்துக் கொடுத்தார்கள் எங்கள் ஊர்ப் பெரிய மனுசர். பிள்ளை இப்போது லவாலில் ஒரு சப்பாத்துக் கடையில் நிற்கிறான். மேல் தட்டில் இருக்கிற பெட்டியை எடுக்க வேறொருவரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்த வசந்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லோரும் ஹென்றி வீட்டு மேசையில் இருக்கும்போது பேரின்பநாதன் வந்தார். வெட்கமே இல்லை. றொசானைப் பார்த்து இளித்துக்கொண்டு, "ஹென்றி அண்ணை, இந்த முறையும் நீங்கள்தான் பிரதம விருந்தினர். ஆனால் தம்பி விளையாடினால்தான் சங்கம் ஒத்துக்கொள்ளும். கேள்விப்பட்டன், தம்பி மற்றக் கையாலயும் போடுவாராமே?" என்றார்.

றொசான் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தகப்பனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். "வெளியில போ" என்ற ஒரு சொல், அதற்காகத்தான் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

ஹென்றி மகனின் இடது கையைப் பார்த்தான்.