பன்னிரண்டாவது வீடு

லாரியை நடுரோட்டில் உறுமவிட்டு வெர்ன் டுகெட் இறங்குகிறான். இறங்கும் முன் தொப்பியைக் காது மறைய இழுத்துவிடுவான், மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவான், இருக்கைக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கும் குட்டை மண்வெட்டியை உருவுவான். பனி முழங்காலுக்கு மேல் கிடக்கும். அதில் இறங்கி நடந்துபோய் யார் வீட்டுத் தபால் பெட்டியையோ சுற்றி அள்ளி எறிவான். பெட்டியின் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்ப்பான். ஐஸ் பிடித்து இறுகியிருந்தால் கையுறைக் கையால் இரண்டு குத்து. அப்புறம்தான் லாரிக்குத் திரும்புவான். பனி தள்ளுகிறவன் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது டவுன் ஆபீஸ் விதி. இவன் ஒரு நடைக்குப் பதினொரு முறை இறங்குகிறான்.

அந்தப் பதினொன்றும் சும்மா எடுத்த வீடுகள் இல்லை. அவன் தள்ளுகிற ரோட்டில் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளின் வீடுகள். லாரியின் வெயில் மறைப்பில் ஒரு அட்டையை ஒட்டி, எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்கு மனுப் போட்டிருக்கிறது என்று கோழிக் கிறுக்கலாக எழுதி வைத்திருக்கிறான். டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரைக்கும் அதுதான் அவனுக்கு வேதம்.

நான் அதே ரோட்டில் பத்தொன்பது வருஷமாகத் தபால் போடுகிறவள். வெர்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், ஆகவே அவனைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. எங்கள் இரண்டு தொழிலுக்கும் ஏழாம் பொருத்தம். அவன் ரோட்டைத் துடைத்து ஓரத்தில் கொட்டுவான். அந்த ஓரத்தில்தான் என் பெட்டிகள் நிற்கின்றன. பெட்டி வாய் தெரியவில்லை என்றால் தபாலைத் திரும்ப எடுத்துப் போய்விடலாம் என்று எனக்கும் ஒரு விதி இருக்கிறது.

"எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடுது, வெர்ன். லெட்டரை நம்பி இப்ப எவன் உட்கார்ந்திருக்கான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல வர்றது சேதி. கவர்ல வர்றதுதான் உத்தரவு," என்றான். "கையில வாங்கினா கனம் தெரியணும், நேடின். கனமா இருந்தா வா வான்னு அர்த்தம். மெலிசா இருந்தா மன்னிச்சுக்கன்னு அர்த்தம். எனக்கு வந்துச்சே ஒண்ணு, வெத்தலை கனம்கூட இல்லை."

அவனுக்கு வந்த கவரை எனக்கு நினைவிருக்கிறது. அந்த வாரமே அவன் மரம் ஏற்றும் லாரியில் ஏறிவிட்டான். இப்போது ஐம்பத்தாறு வயது. தாடியில் எப்போதும் இரண்டு ஐஸ் மணி தொங்கும். சம்பிரதாயம் மாதிரி, 'பனி' என்ற வார்த்தையை வாயால் சொல்ல மாட்டான். காலையில் வாசலில் நின்று ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பி மோந்து பார்த்து, "அது வருது," என்பான். எங்களுக்குப் பனி வருவதே பத்து மைலுக்கு அப்பால் கிடக்கிற ஒன்டாரியோ ஏரியிலிருந்துதான். அந்த ஏரி அவனுக்கு ஒரு கடன்காரி. "வாயைத் தொறந்துட்டா இன்னிக்கு." அவ்வளவுதான் அவனுடைய வானிலை அறிக்கை. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எங்கள் டக் ஹில் மேட்டில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது என்றால் படிக்க வைப்பதோடு முடிந்ததா என்ன. கல்லூரிகள் ஆளைப் பார்க்க வா, பேச வா என்று கூப்பிடுவதெல்லாம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான். அந்த மாதங்களில் இங்கே வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகவே பிடித்து நடக்கக் கயிறு கட்ட வேண்டியிருக்கும். தாய் தகப்பன்மார் வெர்னுக்குப் போன் அடிப்பார்கள். இந்த ஜனவரியில் ஷெரில் அடித்தாள், அட்டையில் நாலாவது வீடு, மகனுக்குச் சிராக்யூஸில் பேட்டி.

"வெர்ன் அண்ணே, வியாழக்கிழமை காலைல மலை ரோடு தெறந்திருக்குமா? பையன் ராத்திரியெல்லாம் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டே இருக்கான்."

"நான் தெறக்கிறேன். நீ என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வா. முந்தணும்னு மட்டும் நினைச்சுடாதே, தாயே."

வியாழக்கிழமை வெர்ன் முன்னால் தள்ளிக்கொண்டு போனான். பின்னால் ஷெரிலின் கார், அதற்குள் டை கட்டிக்கொண்டு வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்த பையன், மடியில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. நெடுஞ்சாலை வரைக்கும் பதினெட்டு மைல் அப்படியே கூட்டிப்போய் விட்டான். பிரிகிற இடத்தில் ஹாரனை இரண்டு தடவை அடிப்பான். அதுதான் அவனுடைய ஆசீர்வாதம்.

இத்தனையும் ஊரார் பிள்ளைகளுக்கு. அவன் வீட்டிலும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு இருந்தது. மகள் கென்னா. விடிய நாலு மணிக்கு எழுந்து ராஸ் மாக்கி பண்ணையில் மாடு கறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பெண். கன்று தலைகீழாக நின்றால் தோள்பட்டை வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பாள். மாட்டு டாக்டராக வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் போக வேண்டுமென்றால் அறக்கட்டளை உதவித்தொகை வேண்டும். அந்தக் காலத்துக் காகித ஆலைக்காரர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக வைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளை, நாலு வருஷப் படிப்பும் அவர்கள் பொறுப்பு. அதை நடத்துகிற அம்மாள்கள் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள். ஆறு பேருக்கு மட்டும் கடிதம் போடுவார்கள். பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் பதில் எழுதிவிட்டுப் பேட்டிக்குப் போக வேண்டும். கடிதம் வரவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கென்னாவின் பெயர் வெர்னின் அட்டையில் கிடையாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இவனுக்கு முன்னால் இந்த லாரியை ஓட்டிய கார்ல், தன் வாசலை மட்டும் பளிச்சென்று வைத்துக்கொள்கிறான் என்று ஊர் கூடி அவனைப் பேசிப் பேசியே வேலையை விட்டு ஓட வைத்தது. வெர்ன் சாவியை வாங்கிய அன்றைக்கே, "என் வீட்டுக்குச் சலுகை காட்டினேன்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசக் கூடாது," என்றான். இருபத்தேழு வருஷமாக எல்லார் வீட்டு முன்னாலும் வேகத்தைக் குறைத்து, பனி பெட்டிமேல் விழாதபடி லாரி முன்னால் இருக்கிற தள்ளுத் தகட்டைக் கொஞ்சம் தூக்குவான். தன் வீடு வந்ததும் தகட்டை அழுத்தி, வேகமாக மிதித்து, தன் வாசலையும் தன் பெட்டியையும் தானே மூடிவிட்டுப் போவான். ஊர் பார்க்க வேண்டுமே. அவன் மனைவி ரோண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, முனகிக்கொண்டே தோண்டுவாள்.

இந்தப் பிப்ரவரியில் ஏரி வாயைத் திறந்து ஆறு நாள் மூடவில்லை. மூன்று நாள் தபாலே இல்லை. நாலாம் நாள் மத்தியானம் இரண்டு மணி நேரம் வானம் விட்டது, நான் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெர்ன் வீட்டுப் பெட்டியில் வாய் மட்டும் வெளியே தெரிந்தது. திரும்ப எடுத்துப் போயிருக்கலாம். கவரைப் பார்த்தேன். மூலையில் அறக்கட்டளையின் பச்சை முத்திரை, கென்னா பெயர், கை நிறைய கனம். ஜீப் ஜன்னல் வழியாக இடுப்பு வரைக்கும் எட்டித் தொங்கி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அங்கிருந்து கிளம்பிப் போகையில் வளைவில் வெர்ன் எதிரே வந்தான். இரண்டு பேரும் கண்ணாடியை இறக்கினோம்.

"இன்னிக்குமா வந்தே? உனக்குப் பைத்தியம்," என்றான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

சொல்லியிருக்கலாம். உன் பெட்டியில் ஒரு கவர் கிடக்கிறது, பார்த்துப் போ என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஒருவர் தபாலைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதில்லை, அவரைப் பெற்ற அப்பனாக இருந்தாலும். பத்தொன்பது வருஷமாக நானும் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன், பெரிய யோக்கியம்.

"பைத்தியத்துக்கு இன்னும் நாப்பது வீடு இருக்கு, வழியை விடு," என்று மட்டும் சொன்னேன்.

அரை மணி கழித்து அவன் தன் வீட்டைத் தாண்டினான். ஈரமும் கனமுமாக இருந்த பனி, வழக்கம்போல அழுத்திய தகடு. பெட்டி கம்போடு முறிந்து பனியோடு பறந்தது. மூன்று நாளாகத் தபால் இல்லை, பாதி புதைந்த பெட்டியைப் பார்த்து இன்றைக்கும் நான் திரும்ப எடுத்துப் போயிருப்பேன், காலிப் பெட்டிதானே என்று நினைத்துக்கொண்டானாம். மறுநாள் ஒரு வாளியில் சரளைக்கல் கொட்டி, அதில் கம்பை நட்டு, புதுப் பெட்டி வைத்துவிட்டான். நான் அதைப் பார்த்தேன். பழைய பெட்டியில் இருந்ததை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் பள்ளிக்கூட ஆலோசகர் அம்மாள் கென்னாவை வராந்தாவில் நிறுத்தி, "ஏம்மா பேட்டிக்குப் போகலை? உன் பேர்தான் முதல்ல இருந்துதாமே," என்று கேட்டாள். உதவித்தொகை ராஸ் மாக்கியின் மகன் டெவினுக்குப் போயிருந்தது. வெர்னின் அட்டையில் ஏழாவது வீடு.

அன்று சாயந்திரம் வெர்ன் என் ஜீப்பை மறித்தான்.

"பிப்ரவரியில அந்த நாலாம் நாளு. எங்க வீட்டுக்கு ஏதாவது போட்டியா?"

"போட்டேன்."

"பச்சை முத்திரையா?"

"ஆமா. உன்னை வளைவுல பார்த்தேனே, அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். என்னைத் திட்டிடு, வெர்ன்."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ சொல்லாதது சரிதான்," என்றான். "எனக்குச் சொன்னா, நாளைக்கு நீ ஊருக்கே சொல்லுவேன்னு ஆயிடும். நீ பெட்டியிலதானே போட்டே. அதுக்கு மேல உனக்கு என்ன வேலை இருக்கு."

திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் வாசல் ஓரத்துப் பனிமேட்டை மண்வெட்டியால் சீவ ஆரம்பித்தான். லாரியை வைத்துத் தள்ளினால் ஒரு நிமிஷம். வேண்டாமாம், கவர் கிழிந்துவிடுமாம். ஒன்பதாம் நாள் ரோட்டோரப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், முப்பதடி தள்ளிப் பெட்டி அகப்பட்டது. மிதித்த தகர டப்பா மாதிரி மடங்கியிருந்தது, ஆனால் கதவு உள்ளே அழுந்தி நன்றாக மூடிக்கொண்டிருந்தது. தகரம் வெட்டுகிற கத்தரி வைத்து வெட்டித் திறந்தான். கவர் ஒரு சொட்டு நனையவில்லை, நான் போட்ட மாதிரியே இருந்தது. நனைந்து கூழாகிப் போயிருந்தால்கூட ஆறியிருக்கும் என்று ரோண்டா என்னிடம் சொல்லி அழுதாள். கென்னா சமையலறை மேஜையில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள், பழையபடி மடித்துக் கவருக்குள் வைத்தாள், மாடு கறக்கப் போய்விட்டாள்.

ரோண்டா அறக்கட்டளைக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கத்தான் பார்த்தாள். வெர்ன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். "குடுத்ததைப் புடுங்கச் சொல்றியா? ராஸ் வீட்டுப் பெட்டியைத் தோண்டினதே நான்தான்." அந்த ராஸே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜாடி மேப்பிள் மரப் பாகோடு வந்து நின்றான். அவனுக்கு எதுவும் தெரியாது. நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நீ மட்டும் பெட்டியைத் தோண்டி வைக்கலைன்னா அந்த லெட்டர் எங்க போயிருக்குமோ, வெர்ன். என் பொஞ்சாதி உன் பேரைச் சொல்லித்தான் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்றா."

வெர்ன் ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நல்ல நிறம். இந்த வருஷம் முதல்ல காய்ச்சின பாகா?" என்று கேட்டான். "பையன் நல்லாப் படிக்கட்டும்," என்றான். உள்ளே போய் ஜாடியை அலமாரியில் வைத்தான். அது இன்னும் திறக்காமல் அங்கேயே இருக்கிறதாம்.

கென்னா செப்டம்பரில் நாற்பது நிமிஷ தூரத்தில் இருக்கிற இரண்டு வருஷக் கல்லூரிக்குப் போகிறாள். அங்கே மாட்டு டாக்டர் படிப்பு கிடையாது. "அப்பா தள்ளுற ரோட்டுலதானே போகப்போறேன், பயமில்லை," என்று என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற வெர்ன் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஏப்ரல் பதினேழாம் தேதி, முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, ஏரி இன்னொரு தடவை வாயைத் திறந்தது. காலையில் வெர்னின் லாரிக்குப் பின்னால் என் ஜீப் போய்க்கொண்டிருந்தது. கவர்கள் வர வேண்டிய காலம் முடிந்துவிட்டதால் அவன் எந்த வீட்டிலும் நிற்கவில்லை. ஷெரில் வீடு போயிற்று, ராஸ் பண்ணை போயிற்று. தன் வீடு வந்ததும் வேகம் குறைந்தது. தகடு மேலே எழும்பியது. எதிர் வீட்டுக்காரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வெர்ன் தொப்பியை இழுத்துவிட்டு இறங்கினான், புதுப் பெட்டியை நட்ட வாளியைச் சுற்றிச் சுத்தமாக அள்ளினான், பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். அவர்களுடைய அன்றைய தபால் இன்னும் என் மடியில்தான் இருந்தது, மின்சார பில்லும் விதைக் கடை விளம்பரமும். அது அவனுக்கும் தெரியும். கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தான்.